ஏலத்தை ரத்து பண்ணுனவன்

சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கோங்க தம்பி. எனக்கு மடியில இந்தப் பை இருந்தாப் போதும். காத்து அடிச்சா உள்ள இருக்கிற காயிதம் பறக்கும். ஒரு காயிதம் பறந்தா ஒரு வாய்தா போச்சுன்னு அர்த்தம். மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான். பேசிக்கிட்டே போனா தூரம் தெரியாது.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி லேடீஸ் சீட்டுல, பச்சைச் சேலை, மடியில மஞ்சப்பை. அதுதான் என் வீட்டுக்காரி. வேலம்மாள். ராஜபாளையத்துல ஏறுனதுல இருந்து ஒருதரம் கூட இந்தப் பக்கம் திரும்பல. கோவம்னு நெனைக்காதீங்க, அவ சுபாவமே அப்படித்தான். பேச மாட்டா. இன்னைக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போறது ஒரு கையெழுத்துக்காக. அவ கையெழுத்து இல்லாட்டி கேஸே இல்ல.

என்ன கேஸ்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். பாங்க்கு ஏலம் விட்ட வீட்டை, அந்த ஏலம் செல்லாதுன்னு கோர்ட்டுல தீர்ப்பு வாங்குனவன் நான். சத்திரப்பட்டிப் பக்கம் வந்து தறிக்காரன் சோலையப்பன்னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாக. எங்க ஊர்ல பாங்க்குக்கு வீட்டைப் பறிகுடுத்தவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான். பாங்க்கு கையில இருந்து திருப்பிப் புடுங்குனவன் நான் ஒருத்தன்தான்.

நாங்க நெய்றது சேலை வேட்டி இல்ல. காயத்துக்குக் கட்டுறாகல்ல, பேண்டேஜ் துணி, அது. நாட்டுல எவன் மண்டை ஒடஞ்சாலும் நமக்கு ரெண்டு காசுன்னு எங்களுக்குள்ள கேலியாச் சொல்லிக்குவோம். பழைய தறி போதாதுன்னு நான் ஆட்டோ தறி எறக்குனேன். அதுக்குத்தான் வீட்டை அடமானம் வெச்சது. வீடு அவ பேருல. அவ நகையை வித்து எடம் வாங்குனதுனால அவ பேருலதான் எழுதணும்னு அவ அப்பா ஒத்தக் கால்ல நின்னுட்டாரு. பேரு யாரோடதா இருந்தா என்ன, வெயில்ல நின்னு கட்டுனது நான். பாங்க்குல கையெழுத்துப் போடுறப்போ, 'வீடு போயிராதுல்ல'ன்னு கேட்டா தம்பி. மேனேஜர் முன்னாடி வெச்சுக் கேட்டா. எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. போடுன்னேன். போட்டா.

அப்புறம் நூல் வெலை ஏறுச்சு, துணி வெலை ஏறல. தறி நின்னுச்சு, தவணை நின்னுச்சு. அது எல்லாத் தறிக்காரனுக்கும் நடந்ததுதான். அதுல என் தப்பு ஒண்ணும் கெடையாது.

எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு. ரிஜிஸ்தர் தபால் வந்தா கை நீட்டி வாங்கக் கூடாது. வாங்குனாத்தான் நோட்டீஸ், வாங்காட்டி அது வெறும் காயிதம். எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். தபால்காரர் கோயில்பிச்சை வாசல்ல சைக்கிளை நிறுத்துனார்னா நான் பின்வாசல் வழியா தறிக்கொட்டகைக்கு நழுவிருவேன். ஒருநாள் நேருக்கு நேரா மாட்டிக்கிட்டேன். 'வேண்டாம்யா, வந்த வழியே அனுப்பு'ன்னேன். அவரும் கவர் மேல 'வாங்க மறுத்தார்'னு எழுதித் திருப்பிட்டாரு. அன்னைக்குக் கறி எடுத்துச் சமைக்கச் சொன்னேன். பாங்க்கையே தோக்கடிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

பின்னால வக்கீல் சொன்னாரு, மறுத்தா வாங்குன கணக்குத்தானாம். சட்டம் அப்படியாம். இதை ஊர்ல எவனாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் வாங்காததைப் பாத்து எங்க தெருவுல எத்தனை பேரு வாங்காம விட்டான் தெரியுமா. அவனுக எல்லாம் இப்ப என்னையப் பாத்தா வேற சந்துல திரும்பிருறானுக.

சரி, கதைக்கு வாறேன். வீடு அவ பேருல இருக்கிறதுனால, ஏல நோட்டீஸ் அவளுக்கும் தனியா வரணும். வந்துச்சு. நான் கொட்டகையில இருந்த நேரம் பாத்து கோயில்பிச்சை அவ கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. கையெழுத்துக் கூட வாங்கல. தெரிஞ்ச வீடு, தெரிஞ்ச பொம்பளை, நாளைக்கு வாங்கிக்கிடலாம்னு போனவரு, அப்படியே மறந்துட்டாரு. இவளாவது என்கிட்டச் சொல்லணும்ல? கட்டுன புருசன் நான். சொல்லல. கவரை இதே மஞ்சப்பையில போட்டு, பஸ் ஏறி, கூடப் பொறந்தவன்கிட்டப் போயிட்டா.

எம் மச்சினன் தவசி. இவளுக்கு எளையவன். மேலப்பட்டியில இருக்கான். இதே ரோட்டுலதான், கிருஷ்ணன்கோவில் தாண்டுனா மேலப்பட்டிக்குப் பிரியிற விலக்கு வரும், காட்டுறேன். ரோட்டுல இருந்து பாத்தாலே அவன் வயல் தெரியும். கிணத்தோட ஒரு வயல், அதுதான் அவன் சொத்து. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக் கூட ஒதுங்குனதில்ல. அவன் பேரை மட்டும் கோணமாணலா எழுதுவான். மத்தபடி பஸ்ல போர்டு பாத்து ஏறத் தெரியாது, பக்கத்துல நிக்கிறவனைக் கேட்டுத்தான் ஏறுவான். அக்கா கொண்டுபோன நோட்டீசை யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கான்.

ஏலத்தன்னைக்கு நான் நிம்மதியா இருந்தேன். சோலையப்பன் வீட்டை எவன் கேட்டாலும் காலை ஒடிப்பேன்னு டீக்கடையில வெச்சுச் சொல்லிட்டேன். உள்ளூர்க்காரன் ஒருத்தனும் கேக்கல. ஆனா ஏலம் போயிருச்சு. எவன்டா எடுத்ததுன்னு விசாரிச்சா, தவசி. வயலை வித்து, கிணத்தோட வித்து, என் வீட்டை எடுத்திருக்கான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

ரெண்டு மூணு நாள் கழிச்சு வந்தான். உள்ள வரல, வாசல் நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அந்த நிலையும் கதவும் அவன் போட்ட சீருதான். வீடு குடிபோனப்போ வயல்ல நின்ன வேம்பை வெட்டி, அறுத்து, மாட்டுவண்டியில கொண்டாந்தான். நல்ல வைரம் பாஞ்ச மரம், அதை நான் இல்லைன்னு சொல்லல. அந்த நிலையைப் புடிச்சுக்கிட்டு, என் மூஞ்சியைக் கூடப் பாக்காம, தரையைப் பாத்துச் சொல்றான்.

"மச்சான், வீடு எங்கயும் போகல. பத்திரச் செலவுக்குக் கையில காசு வந்ததும் அக்கா பேருக்கே திருப்பி எழுதிருவோம். அதுவரைக்கும் நீங்க பாட்டுக்கு இருங்க."

நீங்க பாட்டுக்கு இருங்க. கேட்டீங்களா தம்பி? நான் கட்டுன வீட்டுல என்னைய இருந்துக்கோன்னு சொல்ல இவன் யாரு? நானும் ஆம்பளைதானே. மச்சினன் போட்ட கூரைக்குக் கீழ ஒண்டிக்கிட்டு இருக்கிறவன்னு பேரெடுக்கவா நான் பொறந்தேன்? போடா வெளியன்னேன். அவன் வெளியதான் நின்னான், இருந்தாலும் சொன்னேன்.

இவ மூஞ்சியைப் பாக்கணுமே. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் தலை வாரிப் பூ வெச்சா. அடுப்படியில ஏதோ வாய்க்குள்ள பாடிக்கிட்டே கொழம்பு வெக்கிறா. அது எனக்கு எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துன மாதிரி இருந்துச்சு. புருசன் தலை குனிஞ்சு நிக்கிறான், இவளுக்குப் பாட்டு கேக்குது.

அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் டீக்கடையில நூல் ஏஜென்ட் மாடசாமி கேட்டான், "என்ன சோலை, மச்சினன் வாடகை எம்புட்டு வாங்குறான்?" எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே டீயைப் பாதியில வெச்சுட்டு நேரா மதுரைக்குப் பஸ் ஏறிட்டேன்.

ஜெபராஜ் வக்கீல், கெட்டிக்காரர். அங்க அதுக்குன்னே தனியா ஒரு கோர்ட்டு இருக்கு, பாங்க்குக் கடன் கேஸ் மட்டும் பாக்குற எடம். காயிதத்தை எல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, "அண்ணாச்சி, உங்க நோட்டீஸ்ல ஓட்டை இல்ல, நீங்களே மறுத்திருக்கீங்க. ஆனா வீட்டுக்குச் சொந்தக்காரங்க உங்க சம்சாரம். அவங்களுக்கு நோட்டீஸ் போனதுக்கு பாங்க்குகிட்ட அத்தாட்சி இல்ல. அவங்க வரலைன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா ஏலம் நிக்காது"ன்னாரு. எனக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு. கோயில்பிச்சை மறந்தது என் குலசாமி செஞ்ச வேலைன்னு நெனைச்சேன்.

வீட்டுக்கு வந்து இவகிட்டச் சொன்னேன். "நோட்டீஸ் வந்துச்சே. நான்தானே தவசிகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன்"னா. அதை ஏன்டி இப்ப எடுக்கிறன்னேன். "அவன் வயலை வித்துல்ல எடுத்தான்"னா. நம்ம மானத்தை வித்து எடுத்தான்னேன் நான்.

நான் கை நீட்டல தம்பி. பொம்பளையை அடிக்கிற பழக்கம் நமக்குக் கெடையாது, அதுல நான் சுத்தம். ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். நீ கையெழுத்துப் போடுற வரைக்கும் உன் கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். வட்டில்ல சோறு வெப்பா. அது பாட்டுக்கு இருக்கும். நான் திரும்பிப் படுத்துக்கிடுவேன். நான் திங்காம அவ திங்க மாட்டா, அது எனக்குத் தெரியும். நானாவது கடையில ஏதாவது வாயில போட்டுக்கிடுவேன். அவ சுருண்டு போயிட்டா. ஒருநாள் காலையில எந்திரிச்சு, 'வாங்க போவோம்'னா.

வக்கீல் ஆபீசுல அந்த அபிடவிட்டை வாசிச்சுக் காட்டுனாக. எனக்கு எந்த நோட்டீசும் வரவில்லை, ஏலம் நடந்ததே எனக்குத் தெரியாது, என் உடன்பிறந்தவர் பாங்க்கு அதிகாரிகளோடு சேர்ந்து என்னை ஏமாற்றி வீட்டை அபகரித்தார், அப்படின்னு. கடைசி வரி நான் சேக்கச் சொன்னது. அப்பதான் கேஸ் நல்லா நிக்கும்னு எனக்குத் தோணுச்சு, வக்கீலும் சரின்னாரு. அவ கேட்டுக்கிட்டே இருந்தா. பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு என்னையப் பாத்து, "இதைத் தவசி வாசிப்பானா?"ன்னு கேட்டா.

அவனுக்கு எங்க வாசிக்கத் தெரியும்னேன், சமாதானமாத்தான் சொன்னேன்.

"அப்ப யாராச்சும் வாசிச்சுக் காட்டுவாகல்ல"ன்னா. சொல்லிட்டு, ஒவ்வொரு எழுத்தா, கோலம் போடுற மாதிரி மெதுவா, வேலம்மாள்னு எழுதுனா. அன்னைக்கு அவ கையால சாப்பிட்டேன். உப்பு ஒரைப்பே இல்ல, இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லல.

டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டர், ரெண்டு மதுரை, முன்னாடி பச்சைச் சேலைக்கும் சேத்து. இந்தா பாருங்க.

எங்க விட்டேன்? ஆங், கோர்ட்டு. வழக்கமா அங்க யாரையும் கூப்பிட்டு விசாரிக்கிறதில்ல, எல்லாம் எழுத்துலதான் ஓடும். அன்னைக்கு பாங்க்கு வக்கீல் எந்திரிச்சு, 'நோட்டீஸ் இந்தம்மா கைக்கு வந்தது, இவங்களே அதைத் தம்பிகிட்டக் கொண்டுபோய்க் குடுத்திருக்காங்க, ஏலம் எடுத்த அவரு இங்கதான் இருக்காரு, அவரையே கேளுங்க'ன்னுட்டான். தவசி உள்ளதைச் சொன்னா முடிஞ்சது கதை. ஜட்ஜு இவனைப் பக்கத்துல வரச் சொன்னாரு. துண்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு போய் நின்னான். இவ செவுத்தோரமா நின்னா, சேலையை வாயில வெச்சுக்கிட்டு.

"ஏலம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" ஜட்ஜு கேட்டாரு.

அவன் திரும்பி இவளைப் பாத்தான். அப்புறம் ஜட்ஜைப் பாத்துச் சொன்னான், "பேப்பர்ல படிச்சேன் அய்யா."

"உங்க அக்கா நோட்டீஸ் எதுவும் கொண்டுவந்து குடுக்கலையா?"

"அக்கா சொல்றதுதான் சரி அய்யா. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

பேப்பர்ல படிச்சானாம்! தன் பேரைத் தவிர ஒரு எழுத்து தெரியாத பய, கோர்ட்டுல நின்னு, ஜட்ஜு மூஞ்சிக்கு நேரா, பேப்பர் படிச்சேன்கிறான். எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க. பாங்க்கு வக்கீல் காயிதத்தை மடிச்சு வெச்சுட்டு உக்காந்துட்டான். அப்பேர்ப்பட்ட பொய்யன் தம்பி அவன். இவனை நம்பித்தான் இவ வீட்டை ஒப்படைக்கப் பாத்தா.

அந்த ஒத்தப் பொய்யில நாங்க ஜெயிச்சோம். சொந்தக்காரிக்கு நோட்டீஸ் போனதுக்கு ருசு இல்ல, ஏலம் ரத்து, எடுத்தவனுக்குப் பணத்தைத் திருப்பிக் குடு, பாங்க்கு வேணும்னா முறைப்படி மறுபடியும் ஏலம் விட்டுக்கிடலாம்னு தீர்ப்பு. மறுபடியும் விடலாம்கிறதை நான் அம்புட்டாக் காதுல வாங்கல. ரத்துங்கிற வார்த்தை போதும் எனக்கு. ஊருக்கு வந்து வாசல்ல சரம் வெடிச்சேன். மாடசாமியைக் கூப்பிட்டு, இப்பக் கேளுடா வாடகை எம்புட்டுன்னேன். அவனும் கை குடுத்தான். உள்ள வந்து பாத்தா அடுப்பு பத்த வைக்கல. விளக்கு ஏத்தல. இருட்டுல நிலைப்படியில உக்காந்திருக்கா. ஜெயிச்ச வீடா இதுன்னு கேட்டேன்.

அந்தத் தை மாசம் என்ன நடந்துச்சு தெரியுமா? பொங்கப்படி கொண்டாந்தான் தம்பி அவன். கோர்ட்டுல தோத்தவன்! பொறந்தவளுக்கு வருசா வருசம் கொண்டார்ற மாதிரி பச்சரிசி, வெல்லம், மஞ்சக்குலை, ஒரு கட்டுக் கரும்பு. கொஞ்சமாவது ரோசம் இருந்தா வருவானா? கதவைச் சாத்துனேன். வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டான். எவனும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். கரும்பை ஆடு கடிச்சிச்சு. அரிசியைக் காக்கா தின்னுச்சு. அந்த வருசம் எங்க வீட்டுல பொங்கல் இல்ல. இனி மேலப்பட்டி மண்ணை மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் அவகிட்ட முடிவாச் சொன்னேன்.

பாங்க்கு அவனுக்குப் பணத்தை ரொம்ப நாள் இழுத்தடிச்சுத்தான் குடுத்துச்சு. வயலை வாங்குனவன் திருப்பித் தர மாட்டேன்னுட்டான். போன வாய்தாவுக்குப் போறப்போ இந்த சன்னல் வழியாத்தான் பாத்தேன், அவன் வயல்லயே அடுத்தவனுக்குக் கூலிக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டு நிக்கிறான். நானா இருந்தா அந்தத் திக்குல தலை வெச்சுப் படுக்க மாட்டேன். அவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல.

இப்ப என்ன கேஸ்னு கேக்குறீங்களா? பாங்க்குக்காரனுகளுக்கு என் மேல காட்டம். தோத்த ஆத்திரம். மறுபடியும் ஏலம் விட்டானுக. இந்தத் தடவை கோயில்பிச்சையை நம்பல. ஆபீசரே ஆளுகளோட வந்து, இவ கையில நோட்டீசைக் குடுத்து, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து, செல்போன்ல படமும் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். வாங்காதடின்னு நான் உள்ள இருந்து கத்துறேன். அவ கையை நீட்டி வாங்குறா. அது படத்துல அப்படியே இருக்கு, நான் கத்துற சத்தத்தோட.

ஏலத்துல எடுத்தவன் சிவகாசிக்காரன். யாரு எவருன்னே தெரியாது. குடோன் கட்டப் போறானாம். போலீசோட வந்து எங்க சாமானை எல்லாம் தெருவுல வெச்சானுக. தெருவே வேடிக்கை பாத்துச்சு. நான் சத்தம் போட்டேன், மண்ணை வாரித் தூத்துனேன். இவ என்ன பண்ணுனா தெரியுமா? கொஞ்சம் பொறுங்கன்னு ஆபீசர்கிட்டச் சொல்லிட்டு, விளக்கமாத்தை எடுத்து வீடு பூரா பெருக்குனா. அடுப்படி, சாமி மாடம், ஒரு மூலை விடல. அம்புட்டு பேரும் வெளிய நின்னாக. பெருக்கிட்டு, நிலைக்கு நேரா நின்னு ஒருதரம் தொட்டுக் கும்பிட்டுட்டு எறங்குனா. எனக்கு அன்னைக்கு அழுகை வந்துருச்சு தம்பி. சொல்ல வெக்கமில்ல, அழுதேன்.

இப்ப தறிக்கொட்டகையோட ஒட்டுன ஒரு ரூமுல இருக்கோம். சிவகாசிக்காரன் வீட்டை இடிச்சுட்டான். நிலை கதவெல்லாம் ராஜபாளையம் ரோட்டோரத்துல பழைய மரம் விக்கிற கடையில சாத்தி வெச்சிருக்கு. நான் முன்னாடியே பாத்துட்டேன், அவகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லிக்கிட்டு. ஆனா இன்னைக்குக் காலையில பஸ் அந்தக் கடையைத் தாண்டுறப்போ அவ தலை திரும்புச்சு. கடை மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தா. அவ்வளவுதான், அப்புறம் நேராப் பாத்து உக்காந்தவதான், இந்தா இப்ப வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கா.

வீடு இல்லாட்டியும் எடம் இருக்குல்ல? இந்த ஏலத்தையும் ரத்து பண்ணிட்டா எடம் நமக்கு. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? வக்கீல் புது அபிடவிட்டு தயார் பண்ணிட்டாரு, பையில இருக்கு. நோட்டீஸ்ல இருக்கிறது மிரட்டி வாங்குன கையெழுத்துன்னும், இதுக்கெல்லாம் பின்னாடி இருந்து சிவகாசிக்காரனைத் தூண்டி விட்டதே தவசிதான்னும் எழுதியிருக்கு. பழைய பகை இருக்கு, பொருந்தும்னாரு வக்கீல். இன்னைக்குப் போய் அவ ஒரு கையெழுத்துப் போட்டா தீந்துச்சு.

விடியக்காலைதான் அவகிட்டச் சொன்னேன், என்ன எழுதியிருக்குன்னு. இந்தத் தடவை ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. தண்ணி எடுத்து வெச்சா, எனக்கு இட்லி கட்டுனா, அவ பையில ரெண்டு சேலையை மடிச்சு வெச்சா. ஒருநா போயிட்டு வாறதுக்கு எதுக்கு ரெண்டு சேலைன்னு கேட்டேன். மழை வந்தாலும் வரும்னா. வானத்தைப் பாருங்க, மழை வாற மாதிரியா இருக்கு? ஆனாலும் வயசாக ஆக அவளுக்குப் புத்தி வந்துருச்சு. சோறு திங்காமக் கெடக்க வேண்டிய வேலை இல்லாமப் போச்சு எனக்கு.

கிருஷ்ணன்கோவில் தாண்டிட்டோமா? அப்ப அந்தா வருது பாருங்க, மேலப்பட்டி விலக்கு. அந்த வேப்பமரத்துக்குப் பின்னால தெரியுதே கிணத்து மேடு, அதுதான் நான் சொன்ன வயல். யாருக்கோ நிக்குதே பஸ்ஸு. இங்க எறங்குறதுக்கு யாரு இருக்கா.

என்ன, இவ எந்திரிக்கிறா? ஏய், வேலம்மா. மதுரை இன்னும் வரலடி. காதுல விழல போல. பையை வேற எடுத்துக்கிட்டு எறங்குறா. தண்ணி வாங்கவா இருக்கும். இங்க கடை ஒண்ணும் இல்லையே. கண்டக்டர், ஒரு நிமிசம், அந்தம்மாவுக்கு மதுரை வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கு. எறங்கிட்டாளா?

இல்ல தம்பி, நீங்க எந்திரிக்காதீங்க. நான் எறங்க மாட்டேன். எப்படி எறங்குறது? அந்த ஊரு மண்ணை மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் நான். சொன்னா சொன்னதுதான்.

ரோட்டைத் தாண்டிட்டா. அந்த மண்பாதையில எறங்கி நடக்கிறா. ஒருதரம் கூடத் திரும்பல பாருங்க. வயல்ல ஒருத்தன் மம்மட்டியைப் போட்டுட்டு ஓடி வாறானே, யாரு அது? எனக்குத் தூரத்துல இருக்கிறது சரியாத் தெரியாது. பையை வாங்கிக்கிட்டானா? யாரோ. அந்த ஊர்க்காரன் எவனோ ஒருத்தனா இருக்கும்.

போகட்டும் கண்டக்டர், விசில் அடிங்க. எனக்கு நேரமாகுது.

வந்துருவா. அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்துருவா, எங்க போயிருவா. ஆனா வக்கீல் கோர்ட்டு கூப்பிடுறதுக்கு முன்னாடி காயிதம் வேணும்னாரு. லேட்டானா இன்னொரு வாய்தா போயிரும்.

தம்பி, நீங்க படிச்ச ஆளாத்தான் தெரியிறீங்க. பேனா வெச்சிருக்கீங்களா? இந்தாங்க, இந்தப் பையை அடியில வெச்சுக்கோங்க, பஸ் ஆடுனாலும் எழுதலாம். கடைசிப் பக்கம், கீழ, இந்தக் கோட்டு மேல. வேலம்மாள்னு எழுதணும், அவ்வளவுதான். அவசரம் வேண்டாம், மெதுவாவே எழுதுங்க. அவளும் மெதுவாத்தான் எழுதுவா.